துண்டு வெட்ட முன்னம் ஒருதரம் திருப்பிக் காட்டுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் அரச வைத்தியசாலைகளுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளுக்கும் பொறுப்பாக இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து, அங்கேயே ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஒருத்தி. என் அப்பா வயல்காரர். எழுபத்திரண்டு வயதிலும் விடியப்புறம் நாலு மணிக்கு டோர்ச்சோடு வட்டைக்குப் போய், வரம்பு சுற்றிப் பார்த்து, தண்ணீர் பாய வரம்பில் வெட்டிவிடுகிற வாயான வக்கடையைக் கட்டிவிட்டு வந்துதான் தேத்தண்ணி குடிப்பார். 2022 தை மாதம், வேளாண்மை குடலையில் நின்ற நேரம், ஒரு காலை வரம்பிலேயே விழுந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் பாதி போய்விட்டது. பாரிசவாதம்.

எந்த வைத்தியசாலையில் வைத்திருந்தோம் என்பதை எழுதமாட்டேன். அவருடைய உயிரை மீட்டுத் தந்தவர்களும் அங்கேதான் இருக்கிறார்கள். அசைய முடியாதவருக்குப் படுக்கைப்புண் வராமல் பார்ப்பது எப்படி என்று வீட்டாருக்குச் சொல்லித் தராததுதான் அங்கே நான் கண்ட குறை. அது அந்த ஓரிடத்துக்கு மட்டும் உரியதும் அல்ல. அதற்குப் பிறகு எழுவான்கரையிலும் படுவான்கரையிலும், கரைவாகுப் பக்கத்திலும், எத்தனையோ வீடுகளில் இதே கதையைக் கேட்டுவிட்டேன்.

பதினோராம் நாள் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். குளிசைகளை எப்படிக் கொடுப்பது என்று ஒரு நேர்ஸ் மிஸ் இரண்டு தரம் சொல்லித் தந்தார். நான் பிழையில்லாமல் திருப்பிச் சொல்லும் வரைக்கும் விடவில்லை. அந்தக் கவனத்துக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். கிளினிக் திகதி எழுதித் தந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள். அப்பாவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. வானில் ஏற்றும்போது தூக்கிவிட்ட ஒருவர் மட்டும், "நாரிக்குக் கீழ கொஞ்சம் கறுத்தாப்போல இரிக்கு. பவுடர் போட்டு விடுங்க" என்றார். நாங்களும் போட்டோம். ஒரு நாளைக்கு மூன்று தரம் போட்டோம்.

வீட்டில் முன் விறாந்தையில் கட்டில் போட்டு, ரெக்சின் மெத்தை விரித்துப் படுக்க வைத்தோம். முற்றத்தைப் பார்த்தால் அவருக்கு மனம் ஆறும் என்று முதுகுக்குப் பின்னால் நாலைந்து தலையணை அடுக்கி அரைவாசி இருத்தினோம். கொஞ்ச நேரத்தில் சறுக்கிக் கீழே வந்துவிடுவார். இரண்டு கக்கத்திலும் கைகொடுத்து மேலே இழுப்போம். மறுகா சறுக்குவார். மறுகா இழுப்போம். இரவில் அசையாமல் படுத்திருந்தால் அம்மா என்னைத் தட்டி, "நல்ல நித்திரை போல. குழப்பாத மகள்" என்பா. விடியும் வரைக்கும் குழப்பாமல் இருந்தோம். ஏழெட்டு மணித்தியாலம், ஒரே கிடை.

பாசத்தில் செய்த இந்த மூன்றும்தான் அவருடைய முதுகைத் தின்றன. சாய்த்து இருத்தியது, இழுத்து ஏற்றியது, நித்திரை குழம்பாமல் விட்டது. இதை எழுதும்போது என் கை நடுங்குகிறது. எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்த ஆறாம் நாள் அந்தக் கறுப்பு நாவற்பழ நிறத்துக்கு வந்தது. ஒன்பதாம் நாள் தோல் பொருக்குப் போல இறுகியது. பிறகு வாடை. பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, பக்கத்து ஊரில் இருக்கிற ஓய்வுபெற்ற நேர்ஸ் அக்கா ஒருவரைக் கூட்டி வந்தோம். அவ சைக்கிளில் வந்தா. கையுறை போட்டு, பொருக்கின் ஓரத்தில் ஒரு சின்ன ஓட்டையைப் பார்த்தா. வெளியில் பார்த்தால் ஒரு பத்து ரூபாய்க் குத்தி அளவுதான். அதற்குள் மெதுவாக விரலை விட்டா. விரல் போய்க்கொண்டே இருந்தது. இடப்பக்கம் ஒரு விரல், மேல்பக்கம் அரை விரல், எல்லாம் தோலுக்கு அடியில் கோதாகக் கிடந்தது. அப்பா நோவில் கத்தவில்லை. அவர் கத்தாததுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"வெளிய தெரியிறது வாசல் மட்டும்தான் தங்கச்சி. வீடு உள்ளுக்கு இரிக்கு" என்றா அவ.

பிறகு கையைக் கழுவி, அம்மாவையும் என்னையும் பக்கத்தில் இருத்தி விளங்கப்படுத்தினா. இருபது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த எனக்கு, அப்படித் தெளிவாக ஒருவர் படிப்பித்து நான் கண்டதில்லை. "உங்கட ஐயா வயல் செய்தவர்தானே. வக்கடையை மூடினா வயலுக்கு என்ன நடக்கும்? ஒரு நாள் மூடினா ஒண்டுமில்ல. பத்து நாள் மூடினா? பிறகு திறந்தாலும் பயிர் ஒழும்புமா?" தோலுக்கும் சதைக்கும் இரத்தம் கொண்டு போகிற குழாய்கள் மயிரை விட மெல்லியவை. எலும்பு உள்ளிருந்து அமத்த, மெத்தை வெளியிலிருந்து அமத்த, நடுவில் அந்தக் குழாய்கள் நசிபட்டு மூடிப் போகின்றன. சதைக்கு ஒட்சிசன் இல்லை, கழிவு வெளியேற வழியில்லை. சாகிறது. தோலை விடச் சதைக்குத் தாங்கும் சக்தி குறைவு. அமத்தமும் எலும்போடு ஒட்டிய இடத்தில்தான் அதிகம். அதனால்தான் பல நேரம் அடியில் தொடங்கி மேலே வருகிறது. மேலே தெரியும் நேரம் உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்குப் பிறகு நானே தேடிப் படித்தேன். 1930இல் யூஜின் லான்டிஸ் என்ற அமெரிக்கர், மனிதரின் நகக்கண் ஓரத்து இரத்த மயிர்க்குழாய்களுக்குள் மிக மெல்லிய கண்ணாடிக் குழாயைச் செலுத்தி உள்ளே இருக்கும் அமுக்கத்தை அளந்திருக்கிறார். இரத்தம் வந்து நுழைகிற முனையில் ஏறக்குறைய 32 மில்லிமீற்றர் இரசம். வெளியேறும் முனையில் 12. கையில் பட்டி கட்டி அளக்கும்போது 120 என்று சொல்கிறோமே, அதோடு வைத்துப் பாருங்கள், இது எவ்வளவு சின்ன அளவு. சாதாரண மெத்தையில் மல்லாந்து கிடப்பவரின் முள்ளந்தண்டு அடி எலும்புக்குக் கீழேயும் குதிக்காலுக்குக் கீழேயும் 40 முதல் 60 வரைக்கும் அமுக்கம் வருகிறது. கடினமான கதிரையில் இருப்பவரின் குண்டி எலும்புக்குக் கீழே 100ஐத் தாண்டும். எல்லோருக்கும் ஒரே எல்லைக்கோடு இல்லை. பிரசர் இறங்கியவருக்கும், இரத்தம் குறைந்தவருக்கும், சீனி வருத்தக்காரருக்கும் இன்னும் குறைந்த அமுக்கத்திலேயே குழாய்கள் மூடிவிடும்.

நீங்களும் நானும் ஒரு மணித்தியாலம் கூட்டத்தில் இருந்தால் எத்தனை தரம் நெளிகிறோம். நித்திரையில் எத்தனை தரம் புரளுகிறோம். அந்த இடம் நோகத் தொடங்க முன்னமே உடம்பு தானாக அசைந்து வக்கடையைத் திறந்து விடுகிறது. உணர்ச்சி போனவருக்கு அந்த நோவு வராது; உணர்ச்சி இருந்தும் அசைய முடியாதவருக்கு நோவு வந்தும் பயனில்லை. என் அப்பாவுக்கு இரண்டும் பாதி பாதி.

நேரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் உங்களிடம் கேட்கப் போவது இதில்தான் நிற்கிறது. 1959இலும் 1961இலும் மைக்கேல் கோசியாக் என்ற மருத்துவர் விலங்குகளில் செய்து பார்த்ததை வெளியிட்டார். 70 மில்லிமீற்றர் அமுக்கத்தை இரண்டு மணித்தியாலம் விடாமல் கொடுத்தபோது சதை பழுதாகத் தொடங்கியது. அதைவிட மூன்று மடங்குக்கு மேல், 240 வரைக்கும் கொடுத்தும், ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எடுத்து விட்டபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பாரத்தை விட, விடாமல் இருப்பதே கொல்லுகிறது. கொஞ்சமாக அமத்தினாலும் நீண்ட நேரம் அமத்தினால் போதும்.

எங்கள் மாவட்டங்களுக்கு இது புதிய வருத்தம் இல்லை. யுத்தம் முடிந்தது 2009இல். முள்ளந்தண்டில் ஷெல் துண்டோ சன்னமோ பட்டு இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் போன பிள்ளைகள் அதற்கு முதல் எத்தனை வருடமாக இங்கே இருந்தார்கள், இன்றும் எத்தனை பேர் சக்கர நாற்காலியில் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களில் பலரை எடுத்துக்கொண்டு போனது சன்னம் அல்ல, புண். இங்கிலாந்தில், ஸ்டோக் மான்டெவில் என்ற இடத்தில், 1944இல் லுட்விக் குட்மான் என்ற மருத்துவர் முள்ளந்தண்டு காயக்காரருக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கினார். அதற்கு முன்னர் அப்படிக் காயப்பட்ட சிப்பாய்கள் புண்ணாலும் சலக்கிருமியாலும் செத்துப் போவார்கள் என்றுதான் வைத்தியர்களே கையை விட்டிருந்தார்கள். இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எல்லோரையும் திருப்ப வேண்டும் என்று அவர் சட்டம் போட்டார். இரவில் தானே எழும்பி வந்து பார்ப்பாராம். பிழைத்தார்கள். அந்தப் பிழைத்தவர்கள் விளையாடிய விளையாட்டிலிருந்துதான் பராலிம்பிக் வந்தது. புது மருந்து ஒன்றும் அங்கே இருக்கவில்லை என்று சொல்லமாட்டேன், பெனிசிலின் அப்போது வந்துகொண்டிருந்தது. ஆனால் திருப்பாமல் விட்டிருந்தால் அந்த மருந்து போய்ச் சேர இரத்தக்குழாயே திறந்திருக்காது.

இனி அந்த நேர்ஸ் அக்கா எங்களுக்குக் காட்டியதை எழுதுகிறேன். எவ்வளவு சின்ன வேலை என்று நீங்கள் அறிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அப்பாவின் பழைய சாரம் ஒன்றை எடுத்து, தோளிலிருந்து தொடை வரைக்கும் அடியில் வரும்படி குறுக்கே விரித்தா. நான் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம். சாரத்தின் ஓரத்தை உடம்போடு ஒட்டிச் சுருட்டிப் பிடித்து, ஒன்று இரண்டு மூன்று என்று சொல்லித் தூக்கி நகர்த்தச் சொன்னா. "இழுக்காதீங்க, தூக்குங்க." இழுக்கும்போது தோல் விரிப்போடு ஒட்டி நிற்கிறது, எலும்பு மட்டும் நகர்கிறது, நடுவில் குழாய்கள் முறுகி அறுகின்றன. நாங்கள் கக்கத்தில் கைகொடுத்து இழுத்த ஒவ்வொரு தரமும் அதுதான் நடந்திருக்கிறது. தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்ததும் அதே வேலையைத்தான் செய்தது. சாப்பிடும் நேரமும், சாப்பிட்டுக் கொஞ்ச நேரமும் தவிர, 30 பாகைக்கு மேல் உயர்த்தக் கூடாதாம்.

பிறகு ஒரு பக்கம் சரித்தா. முழுதாக ஒருக்களித்து வைக்கவில்லை. அப்படி வைத்தால் இடுப்பெலும்புக் குமிழில் முழுப் பாரமும் இறங்கும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை ஆப்பு வைப்பதுபோல் செருகி, லேசாகச் சரிந்த மாதிரி, 30 பாகையில் நிற்பாட்டினா. முழங்கால்கள் ஒன்றோடு ஒன்று முட்டாமல் நடுவில் ஒரு சின்னத் தலையணை. கெண்டைக்கால் முழுவதும் தாங்கும்படி நீட்டுக்கு இன்னொன்று. குதிக்கால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நின்றது. கீழே ஒரு கடதாசித் துண்டை விட்டு இழுத்துக் காட்டினா. தடையில்லாமல் வந்தது. "இப்பிடி வந்தாச் சரி" என்றா. எனக்கு அந்தக் கடதாசித் துண்டு இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. என் வகுப்புக் கொப்பியிலிருந்து கிழித்தது.

எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம்தான். அந்தப் பத்து நிமிடத்தை வாட்டில் யாராவது எங்களுக்குத் தந்திருந்தால், அதற்குப் பிறகு வந்த எட்டு மாதம் வந்திருக்காது.

அந்த எட்டு மாதமும் 2022ஆம் ஆண்டு என்பதை நினைத்துப் பாருங்கள். பெற்றோல் இல்லை. காயம் கட்டுவதற்குக் கூட்டிப் போக முச்சக்கரவண்டி கிடையாது. கோஸ் துணியும் பிளாஸ்டரும் வெளியில் தேடி வாங்க வேண்டியிருந்தது. பல நாள் கடையிலும் இல்லை. அம்மாவின் பழைய பருத்திச் சேலைகளைக் கிழித்து, அவித்து, வெயிலில் காயவைத்து வைத்திருந்தோம். கட்டாரில் வேலை செய்கிற தங்கச்சி அனுப்பிய காசில் பம்ப் வைத்த காற்று மெத்தை ஒன்று வாங்கினோம். அறைகள் மாறி மாறி ஊதி இறங்குகிற மெத்தை அது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் வெட்டினார்களே, அந்த இரவு எங்களுக்கு மறக்காது. பம்ப் நின்று, மெத்தை மெல்ல இறங்கிக்கொண்டே வந்தது. நான் அடியில் உள்ளங்கையை மேல்நோக்கி விட்டுப் பார்த்தேன். அப்பாவின் எலும்பு என் கையில் நேராக முட்டியது. மெத்தை இருந்தும் இல்லாத மாதிரி, அவர் பலகையில்தான் கிடந்தார். விடியும் வரைக்கும் நானும் அம்மாவும் மாறி மாறி அவரைத் திருப்பிக்கொண்டே இருந்தோம்.

இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் என்று சொல்வது சுலபம். ஒரு நாளைக்கு 12 தரம், அதில் இரவில் நாலோ ஐந்தோ. காலை ஏழு மணிக்கு நான் பாடசாலைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வாதம். எங்கள் பகுதியில் பாதி வீடுகளில் மகள்மார் வெளிநாட்டில், மகன்மார் கொழும்பில். வீட்டில் நிற்பது ஒரு கிழவி அல்லது ஒரு மருமகள். எனக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் குடும்பத்தில் உம்மா ஒருவ, ஒவ்வொரு பாங்கு கேட்கும்போதும் தன் மாப்பிள்ளையைத் திருப்பிவிடுவா. எவ்வளவு நல்ல ஒழுங்கு. ஆனால் இஷாவுக்கும் சுபஹுக்கும் இடையில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் போகிறதே. அந்த நேரம்தான் புண் வருகிற நேரம்.

இந்த இடத்தில்தான் மெத்தையின் அருமை விளங்குகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதியோர் இல்லங்களில் செய்து 2013இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், நல்ல அடர்த்தியான ஸ்பொஞ் மெத்தையில் படுத்திருந்தவர்களை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் திருப்பியதற்கும், மூன்றுக்கு, நாலுக்கு ஒருதரம் திருப்பியதற்கும் புண் வருவதில் சொல்லும்படியான வித்தியாசம் இருக்கவில்லை. அங்கே தாதியரும் பதிவேடும் இருந்தன, எங்கள் விறாந்தையும் அதுவும் ஒன்றல்ல என்பது எனக்கு விளங்கும். ஏற்கெனவே தோல் கறுத்தவருக்கு அந்தக் கணக்கு சரிவராது என்பதும் தெரியும். ஆனாலும் ஒரு நல்ல மெத்தை, படுத்திருப்பவருக்குத் தோலையும் பார்க்கிறவளுக்கு நித்திரையையும் தருகிறது. நித்திரை இல்லாத மகள் நாலாம் நாள் திருப்பமாட்டாள். அவள் கெட்டவள் இல்லை, விழுந்து போவாள். எங்கள் ஊர்களுக்குப் பம்ப் மெத்தையை விட மின்சாரம் கேட்காத தடித்த ஸ்பொஞ் மெத்தைதான் பொருத்தம் என்பது என் எண்ணம். அந்தப் பங்குனி இரவுக்குப் பிறகு அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, ஐயா, அம்மா. அட்டையில் "பிரசர் சோர்" என்று எழுதித் தருகிறீர்கள். எங்கள் ஊரில் பிரசர் என்றால் இரத்த அழுத்தம். ஒரு வீட்டில் அப்பம்மாவுக்குப் பிரசர் கூடியதால் புண் வந்தது என்று நினைத்து, உப்பே போடாமல் கஞ்சி கொடுத்து அந்த மனிசியை மெலிய வைத்துவிட்டார்கள். படுக்கைப்புண் என்று சொன்னால், படுத்தால் வரத்தானே செய்யும் என்று விதியில் போட்டு விடுகிறார்கள். அமத்தின புண் என்று சொல்லுங்கள். அந்தச் சொல்லைக் கேட்டவுடன், எது அமத்தினது, எப்படி எடுப்பது என்று கேட்கத் தோன்றும்.

சிவந்தால் கவனிக்கச் சொல்கிறீர்கள். எங்கள் நிறத்தில் சிவப்புத் தெரியாது. ஊதாவாகவோ கருமையாகவோதான் தெரியும், அதுவும் பிந்தி. புறங்கையை வைத்துப் பார்க்கச் சொல்லித் தாருங்கள். சுற்றியுள்ள இடத்தை விடச் சூடாக இருக்கிறதா, இறுகியிருக்கிறதா, அல்லது பழுத்த பழம் மாதிரி மெதுமெதுவென்று இருக்கிறதா என்று. இதை எழுத்தறியாத ஆச்சிமாரும் ஒரு தரம் காட்டினால் பிடித்துக் கொள்வார்கள்.

செய்யக் கூடாதவற்றையும் சொல்லித் தாருங்கள். கறுத்த இடத்தை எண்ணெய் போட்டு உரஞ்சுகிறார்கள். நசிந்து கிடக்கிற சதையை இன்னும் நசிப்பதுதான் அது. நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணை வாங்கி வைக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றிய வளையம் அமத்த, நடுவில் இரத்தம் வராமல் போகிறது. கையுறைக்குள் தண்ணீர் நிரப்பிக் குதிக்காலுக்குக் கீழே வைக்கிறார்கள். இதை வாட்டிலேயே பார்த்துப் பழகி வந்து வீட்டில் செய்தவர்களும் உண்டு. பாவம், எல்லாம் நல்லெண்ணத்தில்தான். பவுடரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் ரெக்சின் மெத்தையில் வேர்த்து, பம்பஸும் நனைந்திருந்தால், பவுடர் மா மாதிரிக் குழைந்து அந்த இடத்தை ஊற வைக்கும்.

சாப்பாட்டையும் விடமுடியாது. புண் என்றவுடன் கிரந்தி என்று சொல்லி முட்டை, மீன் எல்லாவற்றையும் நிறுத்துகிறோம். எங்கள் வீட்டிலும் நிறுத்தினோம். ஒரு கை அளவு பள்ளத்தைச் சதை வைத்து மூட வேண்டிய உடம்புக்குப் புரதம்தான் மண்ணும் கல்லும். நேர்ஸ் அக்கா சொன்ன பிறகு ஒவ்வொரு நாளும் ஒரு முட்டை, வாவியில் பிடிபடுகிற மீன், பயறு என்று கொடுக்கத் தொடங்கினோம். அதற்குப் பிறகுதான் புண்ணின் அடியில் மாதுளை முத்து மாதிரிச் சிவந்த சதை வந்தது. சிறுநீரக வருத்தக்காரருக்கு அளவு வேறாக இருக்கும், அதை டொக்டரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றும் அவவே சொன்னா.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

அசைய முடியாத ஒருவருக்குத் துண்டு வெட்ட முன்னம், அவரை வீட்டில் பார்க்கப் போகிறவரை வாட்டுக்குக் கூப்பிட்டு, அவருடைய கையாலேயே ஒருதரம் திருப்பச் சொல்லுங்கள். சொல்லிக் கொடுத்தது காணாது, செய்ய வைக்க வேண்டும். குளிசையைத் திருப்பிச் சொல்ல வைத்த அதே கவனம் இதற்கும் வேண்டும். வாட்டில் ஆட்கள் போதாது என்று சொல்வீர்கள். உண்மை, நானும் கண்ணால் கண்டேன். ஒரு மிஸ் எத்தனை கட்டிலுக்கு ஓடினார் என்று எண்ணிக்கொண்டு இருந்தேன். ஆனால் பதினோரு நாளும் நான் அப்பாவின் காலடியில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் சும்மா இருந்தேன். முதலாம் நாளே எனக்குப் பழக்கியிருந்தால், உங்களுக்கு இரண்டு கைகள் கூடியிருக்கும், அப்பாவின் முதுகும் வாட்டிலேயே கறுத்திருக்காது.

துண்டில் தோலின் நிலையையும் எழுதுங்கள். எந்த இடம் கறுத்திருக்கிறது, எவ்வளவு அகலம் என்று இரண்டு வரி. அது உங்கள் மேல் பழி வரும் என்று மறைக்கிற விடயமாக இருக்கக் கூடாது. அடுத்ததாகப் பார்க்கிறவருக்கு அந்த இரண்டு வரிதான் வழிகாட்டி.

மூன்றாவது, எனக்கு மிகவும் மனதில் கிடப்பது. 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாடு இது. பிள்ளை பிறந்த வீட்டுக்குக் குடும்பநல உத்தியோகத்தர் தேடி வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்கிற ஒழுங்கு, சில பணக்கார நாடுகளில் கூட இல்லாத ஒழுங்கு, எங்களிடம் இருக்கிறது. ஆற்றைக் கடந்தும் வெள்ளத்தைக் கடந்தும் எங்கள் மிஸ்மார் வந்திருக்கிறார்கள். என் இரண்டு பிள்ளைகளையும் அப்படித்தான் வந்து நிறுத்துப் பார்த்தார்கள். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டிலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் 60 வயதைத் தாண்டியவர்கள். பிறந்தவரைத் தேடி வருகிற அந்தக் கால்கள், படுத்தவரையும் தேடி வரக் கூடாதா? குடும்பநல மிஸ்மாரின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றச் சொல்லவில்லை. ஒவ்வொரு சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலும் இதற்கென்று ஒரு தாதிய உத்தியோகத்தர், துண்டு வெட்டி ஒரு கிழமைக்குள் ஒருதரம் வீட்டுக்கு வந்து முதுகைப் பார்த்தால் போதும். ஆறாம் நாள் ஒருவர் வந்து பார்த்திருந்தால், எங்கள் கதை அந்த நாவற்பழ நிறத்தோடு நின்றிருக்கும்.

மெத்தைக்கு வழி இருக்கிறது. படுத்திருந்தவர் எழும்பிவிட்ட வீட்டிலும், போய்விட்ட வீட்டிலும் மெத்தைகள் பரணில் கிடக்கின்றன. பணிமனையில் ஒரு மூலையும் ஒரு பதிவேடும் ஒதுக்குங்கள். கழுவித் துடைத்து, இரவல் கொடுத்து, வேலை முடிந்தவுடன் திரும்ப வாங்கலாம். மரண உதவிச் சங்கங்கள் கதிரையும் கூடாரமும் இப்படித்தானே ஊரூராகச் சுற்ற விட்டிருக்கின்றன.

அப்பாவின் புண் புரட்டாதியில் மூடியது. அடுத்த வருடம் இரண்டாவது தரம் பாரிசவாதம் வந்து போய்ச் சேர்ந்தார். கடைசியாகக் குளிப்பாட்டியபோது முதுகைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கை அளவில் ஒரு தழும்பு, வழுவழுவென்று, காய்ந்து, மூடியிருந்தது.

அவருடைய மெத்தை எங்கள் வீட்டில் இருக்கிறது. அறைகளில் ஓட்டை இல்லை, பம்ப் வேலை செய்கிறது, அம்மா டெட்டோல் போட்டுத் துடைத்துச் சுருட்டி வைத்திருக்கிறா. அதோடு அவருக்குக் கீழே விரித்த சாரங்கள் நாலு, தோய்த்து மடித்தவை. நீங்கள் பதிவேட்டைத் திறக்கிற நாளில் சொல்லுங்கள். முதலாவது மெத்தையை நானே கொண்டு வந்து தருகிறேன். வாங்க வருகிற முதல் ஆளுக்கு எப்படித் திருப்புவது என்று காட்டிவிட்டும் போகிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு மகள்